அப்பாவின் வொல்வோவும் இரண்டு விசிறிகளும்

காருக்கு விசிறி எப்போது அதிகம் தேவை என்று கேட்டால், நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது என்றுதான் பலர் சொல்வார்கள். வேகம் கூடினால் எஞ்சின் சூடாகும்தானே. சூடாவது உண்மை. ஆனால் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடுகிற காருக்கு முன்னாலிருந்து வந்து அடிக்கிற காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கப் போதும். அந்த நேரத்தில் விசிறி சுழன்றாலும் ஒன்று, சுழலாவிட்டாலும் ஒன்று. விசிறி உயிர் காக்கிறது கார் நிற்கும்போதுதான். 401 நெடுஞ்சாலையில் விபத்து நடந்து எல்லா ஒழுங்கைகளும் ஊர்கிற நேரம். கோயில் தேர் நாளில் பார்க்கிங் தேடிச் சுற்றுகிற நேரம். ஆகஸ்ட் கடைசியில் மார்க்கம் வீதித் திருவிழாவுக்குப் போய் வெயிலில் வரிசையில் நிற்கிற நேரம்.

இப்போது ஒரு பழைய காரைப் பாருங்கள். அதில் விசிறியைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ற் ஒன்று ஓடும், அது தண்ணீர்ப் பம்பைச் சுற்றும், பம்பின் மூக்கில் விசிறி பூட்டியிருக்கும். ஆகவே எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகச் சுழலும். கார் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 சுற்று. நெடுஞ்சாலையில் 3000 சுற்று. அதாவது காற்று மிகவும் தேவையான நேரத்தில் விசிறி சோம்பேறி, தேவையே இல்லாத நேரத்தில் சுறுசுறுப்பு. எங்கள் மாமா ஒருவர் கல்யாண வீட்டில் வேலை செய்கிற மாதிரி.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. விசிறியின் வேகம் நாலு மடங்கானால் அது தள்ளுகிற காற்று நாலு மடங்கு. அது தின்கிற சக்தியோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், நாலின் மும்மடி 64. நின்றுகொண்டிருக்கும்போது 50 வாற் எடுக்கிற விசிறி, நேரடியாகப் பூட்டியிருந்தால், நெடுஞ்சாலையில் 3200 வாற் கேட்கும். அது நாலு குதிரைவலுவுக்கும் மேல், எந்தப் பயனும் இல்லாத காற்றுக்காக.

இதைக் கார் செய்தவர்கள் அறியாமல் இல்லை. அதனால்தான் பம்புக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு கிளச்சை வைத்தார்கள். அதன் உள்ளே தடித்த சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். முன்முகத்தில் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு சுருள் ஒன்று. றேடியேற்றரைத் தாண்டி வருகிற காற்று சூடானால் சுருள் வளைந்து வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளறைக்குள் பாயும், அந்த எண்ணெயின் பிசுக்கில் விசிறி இழுபட்டுச் சுழலும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் திரும்பிப் போகும், விசிறி வழுக்கும். வயர் இல்லை, கொம்பியூட்டர் இல்லை, தானாகவே முடிவெடுக்கிற ஒரு பொருள். எஞ்சினியரிங் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கிளச் எனக்கு மிகவும் பிடித்த பொருட்களில் ஒன்று. குளிர்காலக் காலையில் பழைய கார் ஒன்றை ஸ்ரார்ட் செய்தவுடன் ஒரு நிமிடம் லொறி மாதிரி இரைந்து பிறகு அடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். இரவு முழுக்க எண்ணெய் உள்ளறைக்குள் வடிந்து நிற்பதால் வருகிற சத்தம் அது.

எங்கள் வீட்டில் அந்தக் கிளச்தான் போனது.

கார் 1990ஆம் ஆண்டு வொல்வோ 240. செங்கல்லுக்குச் சில்லுப் பூட்டினது மாதிரி இருக்கும். 1974 முதல் 1993 வரை 28 இலட்சத்துக்கு மேல் செய்த மாதிரி அது. 1999இல் அப்பா இதை வாங்கியபோது எனக்கு ஐந்து வயது. நான் தமிழ்ப் பள்ளிக்கும் தங்கை நடன வகுப்புக்கும் போனது இதில்தான். அப்பா இரவு வேலைக்குப் போய் வந்ததும் இதில்தான். இப்போது கோடையில் மட்டும் ஓடுகிறது. பனிக்காலத்தில் உப்புப் பட்டு அடிப்பாகம் துருப்பிடிக்கக்கூடாது என்று அப்பா நவம்பரில் உள்ளே விட்டால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார்.

முதலில் கண்டுபிடித்தது அம்மா. "நிக்கேக்க ஏசி குளிரேல்லை, ஓடேக்க குளிருது" என்றார். அந்த ஒரு வசனத்தில் நோய் முழுக்க இருக்கிறது. ஏசியின் கண்டென்சர் றேடியேற்றருக்கு முன்னால் இருப்பது, இரண்டுக்கும் ஒரே காற்றுதான். நிற்கும்போது குளிரவில்லை என்றால் நிற்கும்போது காற்று இல்லை. ஆனால் டாஷ்போர்ட்டில் வெப்ப முள் நடுவில் ஆடாமல் நின்றது. இதைப் பழைய 240 வைத்திருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: 80களின் பின்பாதியிலிருந்து வந்த 240களில் மீற்றருக்குப் பின்னால் ஒரு சின்ன சேர்க்கிற் போர்ட் இருக்கிறது. வெப்பம் சற்றுக் கூடிக் குறைந்தாலும் முள்ளை நடுவிலேயே வைத்திருப்பது அதன் வேலை. ஓட்டுபவர் வீணாகப் பயப்படக்கூடாதாம். நல்ல எண்ணம்தான், ஆனால் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டே இருக்கிற மீற்றர் எனக்கு வேண்டாம். என் வேலையில் இப்படிப் பச்சை விளக்கு மட்டும் காட்டுகிற திரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனோம். றேடியேற்றர், தண்ணீர்ப் பம்ப், தேர்மோஸ்ராற், குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டும், 1400 டொலருக்கு மேல் வரும், அதைவிடக் காரை உடைக்கக் கொடுப்பது புத்தி என்றார்கள். அப்பா அங்கே ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது சொன்னார்: "அவன் விசிறியைக் கையால சுத்தியும் பாக்கேல்லை."

நாங்கள் சுற்றிப் பார்த்தோம். எஞ்சின் நின்று, சாவி கையில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். நல்ல கிளச் என்றால் கையால் தள்ளும்போது தேனுக்குள் கரண்டி விட்ட மாதிரி ஒரு தடை தெரியும், விட்டவுடன் நிற்கும். எங்களுடையது வீட்டு மின்விசிறி மாதிரி நாலைந்து சுற்றுச் சுற்றியது. கிளச்சின் விளிம்பைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. நோய் அதுதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இதற்கு மிக எளிய வைத்தியம் புதுக் கிளச் வாங்கிப் பூட்டுவது. நூறு டொலர் அளவில் முடியும், அரை மணி நேர வேலை. உங்கள் கார் தினமும் வேலைக்குப் போக வேண்டிய ஒரே கார் என்றால் அதையே செய்யுங்கள். நாங்கள் எலெக்ற்றிக் விசிறிக்குப் போனதற்குக் காரணம், புதுக் கிளச் போட்டாலும் நிற்கும்போது 750 சுற்றுதான். வெயிலில் ஏசியோடு ஊர்கிற அம்மாவுக்கு அது காணாது. எலெக்ற்றிக் விசிறிக்கு எஞ்சினின் வேகத்தோடு வேலை இல்லை. கார் நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஒரே வேகம்.

அப்பாவுக்கு இந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை.

அப்பா கோண்டாவிலில் ஒரு கராச்சில் வேலை பழகியவர். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களில் விசிறி கிளச்கூட இல்லாமல் நேரே பம்பில் பூட்டியிருக்கும். 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றது. பெற்றோலும் இல்லை. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானபின் மண்ணெண்ணெயில் ஓட விட வேண்டும். அப்பா அங்கிருந்து வெளிக்கிடும்வரை கறண்ட் வரவே இல்லை. அப்படி வாழ்ந்த ஒருவரிடம் போய், பெல்ற்றில் ஓடுகிற ஒன்றைக் கழற்றிவிட்டுக் கறண்டில் ஓடுகிற ஒன்றைப் போடுவோம் என்று சொன்னால் என்ன சொல்வார்?

"பெல்ற் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும் தம்பி. கறண்ட் நிண்டால் எங்க போய்த் தேடுறது? கொம்மாவை வைச்சுக்கொண்டு 401இல நிக்கவே?"

இதைப் பழங்கால ஆட்களின் பயம் என்று தள்ளிவிடலாம். ஆனால் நான் சம்பளம் வாங்குகிற வேலையில் இதே கேள்வியைத்தான் கூட்டம் போட்டுக் கேட்கிறோம். எது உடையும், உடைந்தால் எப்படித் தெரியும், தெரிந்தபின் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஆகவே பதிலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருந்தது. "அப்பா, இந்தக் காரில் பெல்ற் அறுந்தால் விசிறி மட்டும் நிற்காது. தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ற், ஓல்ரனேற்றரும் அதே பெல்ற். தண்ணி ஓடாவிட்டால் விசிறி இருந்தும் பயனில்லை. நீங்கள் பயப்படுகிறது விசிறிக்குக் கறண்ட் நிற்கிறதுக்கு மட்டும்தான்."

அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு தேத்தண்ணியோடு வந்து சொன்னார்: "அப்ப ஒரு பெரிய விசிறி வேண்டாம். ரெண்டு சின்ன விசிறி போடு. ரெண்டுக்கும் வேற வேற பியூஸ், வேற வேற றிலே. ஒண்டு செத்தால் மற்றது ஓடட்டும். உள்ள ஒரு சுவிச்சும் வை, நானே போடுற மாதிரி." நாங்கள் மேகக் கணினிச் சேவைகளுக்கு வரைகிற படமும் அவர் சொன்னதும் ஒன்றுதான். அவர் மாஸ்ரர்ஸ் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஒரே சட்டத்தில் இரட்டை விசிறி வாங்கினோம். வயர், றிலே, சுவிச் எல்லாம் சேர்த்து 260 டொலர். பழைய விசிறியைக் கழற்றுவது சுலபம், நாலு நட். அந்த நட்டுகள்தான் பம்பின் கப்பியையும் பிடித்திருக்கின்றன என்பதால் விசிறி இருந்த தடிப்புக்கு வாஷர் போட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

பூட்டும் இடத்தில்தான் நேரம் போனது. வாங்கிய பெட்டிக்குள் பிளாஸ்ரிக் கட்டுகள் இருந்தன, றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்குள்ளால் நுழைத்து விசிறியைக் கட்டச் சொல்லி. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் குப்பைக்குள் போட்டார். கார் அதிர அதிர அந்தக் கட்டு வாள் மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் தண்ணீர்க் குழாயையும் அறுக்கும். அலுமினியப் பட்டையை வளைத்து, துளை போட்டு, றேடியேற்றரின் ஓரங்களில் பிடிக்கிற மாதிரித் தாங்கிகள் செய்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க. விசிறிச் சட்டத்துக்கும் றேடியேற்றருக்கும் இடையில் இருந்த இடைவெளியை நுரைப்பட்டையால் அடைத்தோம். அந்த இடைவெளி இருந்தால் விசிறி றேடியேற்றருக்குள்ளால் இழுக்காமல் பக்கத்திலிருந்து இலேசான காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும்.

வயரிங் என் பங்கு. றிலேயின் கால்களில் எண்கள் இருக்கும்: 30, 85, 86, 87. இது ஜேர்மன் தர எண்கள், எந்த நாட்டுக் காரிலும் அநேகமாக இதேதான். பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக 30க்கு, 87இலிருந்து விசிறிக்கு. 85உம் 86உம் உள்ளே இருக்கிற காந்தச் சுருளுக்கு. பெரிய மின்னோட்டம் தடித்த வயரில் பொன்னற்றுக்குள்ளேயே போகும், டாஷ்போர்ட் சுவிச்சுக்கு வருவது மெல்லிய வயர் மட்டும். ஒவ்வொரு விசிறியும் ஓடும்போது 10 அம்பியர் எடுத்தது. ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதனால் 20 அம்பியர் பியூஸ். பியூஸ் காப்பது விசிறியை அல்ல, வயரை. பியூஸைவிட வயர் பலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர்தான் பியூஸாகும்.

எந்த வெப்பத்தில் தொடங்குவது என்பதில் பலர் இடறுகிறார்கள். எங்கள் தேர்மோஸ்ராற் திறக்கத் தொடங்குவது 87 பாகையில். சீக்கிரம் குளிரட்டுமே என்று விசிறியை 85இல் தொடங்க வைத்தால் அது ஒருபோதும் நிற்காது, ஏனென்றால் எஞ்சினை 87க்குக் கிட்ட வைத்திருப்பதுதான் தேர்மோஸ்ராற்றின் வேலை. இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டே இருக்கும். முதல் விசிறி 95இல் தொடங்கி 90இல் நிற்கும்படி வைத்தோம். இரண்டாவது 100இல் தொடங்கும். தொடங்குவதற்கும் நிற்பதற்கும் ஐந்து பாகை இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் றிலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டே செத்துப்போகும்.

ஒரு மெல்லிய கடதாசியை முன்பக்கக் கிறில்லில் பிடித்தோம். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. வயரை மாற்றிக் கொடுத்தால் இந்த விசிறிகள் எதிர்ப்பக்கமும் சுழலும், எஞ்சினின் சூட்டைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளும். கடதாசி ஒரு சதமும் இல்லாத பரிசோதனை.

பரிசோதனை நாள் 32 பாகை வெயில். காரை டிறைவ்வேயில் நிறுத்தி, ஏசியை முழுக்கப் போட்டு, எஞ்சினை ஓட விட்டோம். அந்தப் பொய் முள்ளை நம்பாமல் தனியாக ஒரு டிஜிற்றல் வெப்பமானி பூட்டியிருந்தேன். அப்பா மடக்குக் கதிரையில், கையில் மணிக்கூடும் கொப்பியும். 95இல் முதல் விசிறி எழும்பியது. 91, 90, நின்றது. மறுபடி 95. இருபது நிமிடம் இதே தாளம். நான் போதும் என்று நினைத்தேன். அப்பா எழும்பி வந்து முதல் விசிறியின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"இப்ப பாப்பம்."

96, 98, 99. 100இல் இரண்டாவது விசிறி எழும்பியது. 97க்கு இறங்கி அங்கேயே நின்றது. ஒரு விசிறியாலும் பிடித்து வைத்திருக்க முடியும். அப்பா கொப்பியில் எழுதினார். பிறகு இரண்டாவது பியூஸையும் பிடுங்கினார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எவ்வளவு நேரம் இருக்கெண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றார். நாங்கள் இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 99. 101. 104. அம்மா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். 108க்கு வர ஏழு நிமிடம். தண்ணீரும் கூலன்ரும் சரிபாதிக் கலவை, மூடியின் அழுத்தத்தில் 120ஐத் தாண்டியும் கொதிக்காது என்பதால் ஆபத்துக்கு இன்னும் இடம் இருந்தது. ஆனால் அப்பா 108இல் நிறுத்தினார். ஏசியை நிறுத்தி, ஹீற்றரை ஆகக் கூட்டி, உள்விசிறியை முழுக்கப் போடச் சொன்னார். அந்த வெயிலில் காருக்குள் அடுப்பு மாதிரி. ஆனால் எண் ஏறுவது நின்று, மெல்ல இறங்கவும் தொடங்கியது. ஹீற்றரும் ஒரு சின்ன றேடியேற்றர்தான். இதை நீங்கள் ஞாபகம் வைத்திருங்கள், எந்தக் கார் ஓட்டினாலும். நெரிசலில் எஞ்சின் சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரைப் போட்டு, யன்னலைத் திறந்து ஓரத்துக்கு வாருங்கள். எஞ்சின் ஆறும்வரை மூடியை மட்டும் திறக்க வேண்டாம். அழுத்தம் போனவுடன் அந்த 108 பாகைத் தண்ணீர் ஒரே கணத்தில் கொதித்து உங்கள் முகத்துக்கு வரும்.

நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை குதிரைவலு கூடியது என்பது. விளம்பரங்களில் பத்து என்றும் போடுவார்கள். எலெக்ற்றிக் விசிறியும் இலவசம் இல்லை. இரண்டும் ஓடும்போது 20 அம்பியர், 13.8 வோல்ற், 276 வாற். ஓல்ரனேற்றர் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் திறமை உள்ளது என்பதால் எஞ்சினிலிருந்து ஏறக்குறைய 500 வாற் போகிறது. முக்கால் குதிரைவலுவுக்கும் குறைவு, அதுவும் ஓடுகிற நேரம் மட்டும். பழைய கிளச் விசிறி நெடுஞ்சாலையில் அநேகமாக வழுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கும், ஆகவே அங்கே மிச்சம் பெரிதாக இல்லை. 114 குதிரைவலுக் கார் ஒன்றில் என் காலுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பெற்றோல் கணக்கிலும் தெரியவில்லை. தெரிந்தது இரண்டு: எஞ்சினை முறுக்கும்போது கேட்ட அந்த இரைச்சல் இல்லை, நிற்கும்போது அம்மாவுக்குக் குளிர்கிறது.

இந்தக் கோடையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு அப்பா மொன்றியல் போய் வந்தார். ஐந்து, ஆறு மணி நேர ஓட்டம். போகும்போது கிங்ஸ்ரனுக்குக் கிட்ட வீதி வேலை, முக்கால் மணி நேரம் ஊர்ந்ததாம். நான் வேலையில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது செய்தி வந்தது: "96. ஒண்டு ஓடுது. மற்றது நித்திரை."

டாஷ்போர்ட் சுவிச்சுக்குக் கீழே அப்பா வெள்ளை ரேப் ஒட்டித் தமிழில் "விசிறி" என்று எழுதியிருக்கிறார். பொன்னற்றுக்குள் இரண்டு பியூஸ்களுக்கும் "அண்ணன்", "தம்பி". அடுத்த கராச்காரர் என்ன செய்வார் என்று கேட்டேன். "அவன் ஏன் அதைத் திறக்கிறான்?" என்றார். பழைய விசிறியும் கிளச்சும் துடைத்து எண்ணெய் பூசி, கராச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. நாலு நட்டும் ஒரு பையில் போட்டுப் பக்கத்தில். போன கிழமை அவருடைய சிநேகிதர் ஒருவர் தன் பழைய வானோடு வந்தார். நான் இறங்கி வருவதற்குள் அப்பா தமிழ்க் கடை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 30, 85, 86, 87 என்று குறித்து வயரிங் படத்தைப் பாதி கீறி முடித்திருந்தார்.